வலையமைப்பு ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எடைபோடுவது எப்படி

சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அல்சூரில் எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் குடியிருப்பவரின் மகள் ஒரு நோட்டோடு வந்தாள். கோவையில் பொறியியல் முடித்து, மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்காண்டு வேலை பார்த்த பிறகு, கணினி வலையமைப்பில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். நோட்டில் இரண்டு பேராசிரியர்களின் பெயர்களும் அவற்றுக்கு நேரே இரண்டு எண்களும் இருந்தன. "மாமா, இவருக்கு எச்-இன்டெக்ஸ் 38, அவருக்கு 21. 38 இருக்கிறவர்கிட்டயே விண்ணப்பம் போட்டுடலாம் இல்லையா?" என்று கேட்டாள்.

பெங்களூரில் ஆய்வு நூலகப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால், இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. மேற்கோள் என்பது எங்கோ ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் எழுதிய ஒரு வாக்கியம். அத்தகைய வாக்கியங்களை எண்ணி, பின்னால் விளக்கப்போகும் ஒரு முறையில் வடித்தெடுத்த அளவைதான் 38-ம் 21-ம். வாக்கியங்களில் ஒன்றைக்கூடப் படிக்காமல் ஐந்தாண்டு வாழ்க்கையை ஒருவரிடம் ஒப்படைக்க முடிவெடுப்பது சரியல்ல என்று அவளிடம் சொன்னேன். அதன்பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நாங்கள் இருவரும் செய்த வேலையை, அதே போன்ற முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஆளை உறுதிசெய்தல்

எந்த எண்ணையும் பார்ப்பதற்கு முன், அந்த எண் உண்மையிலேயே அந்த ஆளுடையதுதானா என்று பார்க்க வேண்டும். தமிழர்களின் பெயர்களைப் பொறுத்தவரை இதுவே மிகக் கடினமான வேலை. இதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கினாலும் தகும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆய்விதழ்களின் படிவங்கள் குடும்பப் பெயர் இன்றி ஏற்பதில்லை. முருகேசனின் மகன் செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் முதல் கட்டுரையில் எம். செந்தில்குமார் என்று இருப்பார். படிவம் பெயரை முன்பின்னாக மாற்றியதால் அடுத்ததில் செந்தில்குமார் எம். ஆவார், வெளிநாடு சென்றதும் செந்தில் குமார் முருகேசன், மேற்கோள் பட்டியல்களில் எஸ். கே. முருகேசன். அதாவது, அவர் எழுதியவை அவருடைய தந்தையின் பெயரில் வரவாகும். இவற்றோடு எழுத்துக்கூட்டும் மாறும்: ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்றும் மற்றவர் வெறும் எல் என்றும் எழுதுவார், தகரத்துக்கு ஒருவர் எச் சேர்ப்பார், மற்றவர் சேர்க்கமாட்டார். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து தந்தையினுடையதிலிருந்து கணவருடையதாக மாறிவிடும் பெண் ஆய்வாளர்களின் பட்டியல்கள் இரண்டாக உடைந்து கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எச்-இன்டெக்ஸ் குறைவாகத் தெரிவதற்கு அந்த உடைசல் ஒன்றே போதும்.

எதிர்த் திசையிலும் இந்தச் சிக்கல் உண்டு. வலையமைப்புத் துறையில் உலகெங்கும் அறியப்பட்ட ஹரி பாலகிருஷ்ணன் 1993-இல் சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்தவர்; இன்று எம்ஐடியில் பேராசிரியர்; 2023-இல் மார்கோனி பரிசு பெற்றவர். பாலகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தை, சென்னை ஐஐடியின் இயற்பியல் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் பெயர். ஹரியின் தங்கை ஹம்சா பாலகிருஷ்ணனும் அதே எம்ஐடியில் வானூர்தித் துறைப் பேராசிரியர். ஆகவே மேற்கோள் பட்டியல்களில் இருவருமே எச். பாலகிருஷ்ணன், நிறுவனமும் ஒன்றே. விமானப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிய கட்டுரை ஒருவருடையது, இணைய நெரிசலைப் பற்றிய கட்டுரை மற்றவருடையது என்பதை உள்ளடக்கத்தைப் பார்க்கும் மனிதர் உடனே பிரித்துவிடுவார். பெயரை மட்டும் பார்க்கும் நிரல் தடுமாறக்கூடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக 2014 முதல் 2020 வரை இருந்த அனுராக் குமாரும் வலையமைப்பு ஆய்வாளரே. மேற்கோள் பட்டியல்களில் அவர் ஏ. குமார். இந்தியாவில் எத்தனை ஏ. குமார்கள் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்துக்கு நேரே போகாமல், ஆய்வாளரின் நிறுவனப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவர் எங்கே, எந்த ஆண்டு, யாரிடம் முனைவர் பட்டம் பெற்றார் என்பதை நோட்டின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்ததாக டிபிஎல்பி. 1993-இல் ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தக் கணினியியல் பட்டியலில் மேற்கோள் எண்ணிக்கை முதன்மையன்று. யார் எதை எழுதினார் என்பதுதான் முதன்மை. ஒரே பெயருள்ள பலரைப் பிரிக்கப் பெயரின் பின்னால் 0001, 0002 என்று நான்கு இலக்க எண் சேர்த்திருப்பார்கள். அந்த எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் ஆர்சிட் எண் வைத்திருந்தால் வேலை எளிது. 2012-இல் வழக்கத்துக்கு வந்த அந்த 16 இலக்க எண், பெயர் எப்படி மாறினாலும் மாறாது. அதன் பிறகே ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, ஆண்டுவாரியாக அடுக்கி, அடிமட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 2004-இல் இளநிலைப் பட்டம் பெற்றவரின் பெயரில் 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இருந்தால், அது வேறு ஆள்.

இந்த எச்சரிக்கையை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவுக்காக நான் தொகுத்துக் கொடுத்த பட்டியலில், விண்ணப்பித்தவருடையவை அல்லாத பதினோரு கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்ததால் நானும் கவனிக்கவில்லை. நேர்காணலில் அவரே எழுந்து, "இவை என்னுடையவை அல்ல" என்று சொன்னார். அவருடைய நேர்மையால்தான் என் பிழை வெளியே வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள நிறுவனத்தைப் பார்க்காமல் நான் எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

எங்கே வெளியானது என்பதன் பொருள்

இயற்பியலிலோ மருத்துவத்திலோ மாநாட்டுக் கட்டுரை என்பது பெரும்பாலும் முன்னோட்டம். ஆய்விதழில் வருவதே இறுதி வடிவம். கணினி வலையமைப்பில் நிலைமை வேறு. சிக்காம், என்எஸ்டிஐ, ஐஎம்சி, மொபிகாம், கோநெக்ஸ்ட், இன்ஃபோகாம் போன்ற மாநாடுகளுக்கு முழுக் கட்டுரையை அனுப்பி, பல நடுவர்களின் மதிப்பீட்டைக் கடந்தால்தான் இடம் கிடைக்கும். சிக்காமுக்கு வரும் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே பல ஆண்டுகளில் ஏற்கப்பட்டிருக்கின்றன. நம் கல்லூரிகள் பலவற்றில் பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளையே கணக்கில் எடுப்பதால், மாநாட்டுக் கட்டுரை என்றாலே இரண்டாந்தரம் என்ற எண்ணம் மாணவர்களிடமும் படிந்திருக்கிறது. இந்தத் துறைக்கு அந்த எண்ணம் பொருந்தாது. அதே சமயம், பணம் கட்டினால் எதையும் ஏற்கும் மாநாடுகளும் ஏராளமாக இருப்பதால், பெயரில் சர்வதேசம் என்று இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நடுவர் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை எடுத்து, அவர்கள் தங்கள் கட்டுரைகளை எங்கே வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் தெளிவு கிடைத்துவிடும்.

கணிதப் பகுப்பாய்வு சார்ந்து எழுதுகிறவர்களிடம் ஆய்விதழ்களின் பங்கு கூடுதலாக இருக்கும். 1993-இல் தொடங்கிய, ஐஇஇஇ-ஏசிஎம் அமைப்புகள் சேர்ந்து நடத்திய டிரான்ஸாக்‌ஷன்ஸ் ஆன் நெட்வொர்க்கிங் இதழ் இவற்றில் முதன்மையானது. இணையத்தில் தரவு போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் நெறிமுறையான டிசிபியின் பல வகைகளை அனுராக் குமார் தரவிழப்புள்ள இணைப்பில் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1998-இல் அங்கேதான் வந்தது. ஆகவே ஒருவரிடம் சிக்காம் கட்டுரை இல்லை என்பதாலேயே அவரைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. அவருடைய கேள்விகள் எந்த அரங்குக்கு உரியவை என்று முதலில் பார்க்க வேண்டும்.

அரங்கின் பெயரும் முழு விடையைத் தருவதில்லை. மென்பொருள்வழி வலையமைப்பு என்று இன்று சொல்லப்படும் துறைக்கே வழிதிறந்த ஓப்பன்ஃப்ளோ கட்டுரை, 2008-இல் சிக்காம் மாநாட்டில் வரவில்லை. அந்த மாநாட்டை நடத்தும் அமைப்பின் செய்தியிதழான கம்ப்யூட்டர் கம்யூனிகேஷன் ரிவ்யூவில், சில பக்க அளவில் வந்தது. இன்று அதற்கு ஸ்காலர் காட்டும் மேற்கோள்கள் பத்தாயிரத்துக்கு மேல். ஒரே ஆய்வு இரண்டு வடிவங்களில் இருப்பதும் சாதாரணம். ஹரி பாலகிருஷ்ணனும் மற்றவர்களும் எழுதிய, பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவைத் தேடிக் கண்டுபிடிக்கும் கார்டு (Chord) என்ற முறையைப் பற்றிய கட்டுரை 2001-இல் சிக்காமிலும், விரிவான வடிவில் 2003-இல் மேற்சொன்ன இதழிலும் வெளியானது. கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டும்போது இத்தகைய இரட்டைகளை ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

எச்-இன்டெக்ஸ் என்பது 2005-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர் ஹார்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவை. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் மிகுந்ததிலிருந்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். 120, 64, 33, 18, 9, 6, 5, 2, 1 என்று இருப்பதாகக் கொள்வோம். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது; ஏழாவதற்கு 7 இல்லை, 5 தான். எனவே எச்-இன்டெக்ஸ் 6. இன்னொருவரிடம் 12 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 12 மேற்கோள்கள் என்றால், அவருடைய எச்-இன்டெக்ஸ் 12. மொத்த மேற்கோள்களோ முன்னவருக்கு 258, பின்னவருக்கு 144. முன்னவரின் முதல் கட்டுரைக்கு 120-க்குப் பதில் 12,000 மேற்கோள்கள் வந்திருந்தாலும் அவருடைய எச்-இன்டெக்ஸ் 6-இலேயே நிற்கும். துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரை இந்த அளவைக்குத் தெரிவதில்லை. குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ10-இன்டெக்ஸுக்கும் தெரிவதில்லை.

ஹிர்ஷே தம் கட்டுரையில், இந்த எண் வயதோடு ஏறக்கூடியது என்பதால் ஆய்வு வாழ்வின் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் நோட்டில் இருந்த இருவரில், 38 உடையவர் முதல் கட்டுரை எழுதி 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 21 உடையவருக்கு 11 ஆண்டுகள். வகுத்தால் முன்னவருக்கு ஏறத்தாழ 1.4, பின்னவருக்கு 1.9. அந்தப் பெண் இரண்டாவது முறை வகுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதையும் முடிவான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம் என்றேன். ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வெல்வது எங்கள் நோக்கம் இல்லை.

ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மூன்று மேற்கோள் தளங்களும் ஒரே ஆளுக்கு மூன்று எண்களைக் காட்டும். ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடுகளையும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணும். யூஸ்னிக்ஸ் அமைப்பு நடத்தும் என்எஸ்டிஐ மாநாட்டுக் கட்டுரைகளுக்குப் பொதுவாக, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடையாளமாக அமையும் டிஓஐ எண் தரப்படுவதில்லை என்பதால், அந்த எண்ணை நம்பித் தானாகத் தொகுக்கும் பட்டியல்களில் துறையின் மிகச் சிறந்த கட்டுரைகள் சில விடுபட்டுப்போகும். எனவே இருவரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே தளத்தின் எண்ணை, ஒரே நாளில் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

மேற்கோள் வாக்கியத்தைத் திறந்து படித்தல்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போனது. நான்கு நாட்களில் மிகப் பயன் தந்ததும் அதுவே. ஆய்வாளர் ஒவ்வொருவரிடமிருந்தும் மேற்கோள் மிகுந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டோம். அதை மேற்கோள் காட்டியவற்றுள் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து 40 கட்டுரைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் அந்த மேற்கோள் எண் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று தேடினோம். நோட்டில் பென்சிலால் ஐந்து பத்திகள் போட்டோம். ஆய்வாளரோ அவருடைய இணையாசிரியர்களோ தாமே காட்டிய மேற்கோள் முதல் பத்தி. "இத்துறையில் பல பணிகள் நடந்துள்ளன" என்று ஒரே அடைப்புக்குள் எட்டு எண்களை அடுக்கி, அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருப்பது இரண்டாவது. தங்கள் முறையை இதனோடு ஒப்பிட்டுச் சோதித்திருப்பது மூன்றாவது. இதன் மேல் கட்டி எழுப்பியிருப்பது நான்காவது. இது தவறு அல்லது போதாது என்று காட்டியிருப்பது ஐந்தாவது.

38 உடையவரின் கட்டுரைக்கு வந்த 40 மேற்கோள்களில் 9 அவருடைய குழுவினருடையவை, 22 அடுக்கு மேற்கோள்கள், 6 ஒப்பீடுகள், 2 மேல்கட்டுமானம், 1 மறுப்பு. தன்மேற்கோளைக் கண்டதுமே குற்றம் சாட்ட வேண்டியதில்லை; ஒரே கேள்வியைப் பத்தாண்டுகள் தொடர்கிறவர் தம் முந்தைய படியைச் சுட்டாமல் அடுத்த படியை எழுத முடியாது. கட்டுரைக்குத் தொடர்பில்லாத இடத்தில் தன்மேற்கோள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். உண்மையான எடை மூன்றாவது, நான்காவது பத்திகளில் இருக்கிறது. ஒருவர் தம் முறையை எதனோடு ஒப்பிடுகிறார் என்பதை வைத்தே, அந்த நாளில் துறை எதை அளவுகோலாக ஏற்றிருந்தது என்று அறியலாம். 21 உடையவரின் கட்டுரைக்கு ஒப்பீடுகள் மட்டும் 17 இருந்தன.

மறுப்பு மேற்கோள்களை ஒதுக்கிவிட வேண்டாம். 1999-ஆம் ஆண்டு சிக்காமில் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர், இணையத்தின் இணைப்பு அமைப்பு அடுக்கு விதி ஒன்றுக்குக் கட்டுப்படுகிறது (மிகச் சில கணுக்களுக்கே மிகப் பல இணைப்புகள், பெரும்பாலானவற்றுக்குச் சிலவே) என்று காட்டிய கட்டுரை, துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. அதிலிருந்து கிளைத்த முடிவுகள் பலவற்றை வால்டர் வில்லிங்கர் முதலானோர் பின்னாளில் கடுமையாக மறுத்தார்கள். அந்தத் தரவு இணையத்தின் உண்மையான இணைப்புகளை அளக்க ஏற்றதன்று என்பது அவர்கள் வாதம். மேற்கோள் எண்ணிக்கையில் புகழ்ச்சியும் மறுப்பும் ஒரே எடைதான். ஆனால் ஒரு கட்டுரை பத்தாண்டு விவாதத்தைத் தூண்டியது என்றால், அந்த விவாதத்தை முழுமையாகப் படித்த மாணவர் துறையின் ஒரு பகுதியையே கற்றுவிடுவார்.

மேற்கோளே இல்லாமல் போகும் பெருமையும் உண்டு. 1986 அக்டோபரில், ஒன்றுக்கொன்று 400 கெஜ தூரத்தில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளுக்கு வீழ்ந்தது. ஏன் என்று ஆராய்ந்து வேன் ஜேக்கப்சன் 1988-இல் சிக்காமில் எழுதிய நெரிசல் கட்டுப்பாட்டுக் கட்டுரையின் முறைகள் டிசிபிக்குள்ளேயே கலந்துவிட்டன. இன்று டிசிபியைப் பற்றி எழுதும் பலரும் மெதுவான தொடக்கம் என்று அவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு, கட்டுரையைச் சுட்டாமலே கடந்துபோகிறார்கள். ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் சரியத் தொடங்கினால், அது மறக்கப்பட்டதா அல்லது பாடப் பொருளாகிவிட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மேற்கோளுக்கு வெளியே இருக்கும் தடங்கள்

வலையமைப்பு ஆய்வு கடைசியில் ஓடவேண்டிய இடம் கம்பியும் கணினியும். எனவே தாளுக்கு வெளியேயும் தேட வேண்டும். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்த க்யூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, 2006-இல் லினக்ஸ் கருநிரலின் 2.6.19 பதிப்பிலேயே இயல்பு முறையாகிவிட்டது. அதை விளக்கும் கட்டுரை வந்ததோ 2008-இல், அதுவும் வலையமைப்பு இதழில் அல்லாமல் இயங்குதளங்களுக்கான ஏசிஎம் இதழ் ஒன்றில். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்களிடம் தரவைக் கொண்டுவந்த சர்வர் லினக்ஸில் ஓடுவதாயின், அதன் வேகத்தைத் தீர்மானித்ததில் க்யூபிக்குக்குப் பங்கிருக்க வாய்ப்பு மிகுதி. எந்த எச்-இன்டெக்ஸும் இதைக் காட்டாது.

இத்தகைய தடங்களுக்கு முதல் இடம் ஆர்எஃப்சி ஆவணங்கள். 1969 முதல் வெளிவரும் இவை இணையத்தின் நெறிமுறைகளை வரையறுக்கின்றன. க்யூபிக் 2018-இல் ஆர்எஃப்சி 8312 ஆகவும், 2023-இல் தர நிலைக்கு உயர்ந்து ஆர்எஃப்சி 9438 ஆகவும் வந்தது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் டேட்டாட்ராக்கர் தளத்தில் ஆய்வாளரின் பெயரைத் தேடினால் அவர் எழுதிய வரைவுகள் கிடைக்கும். அவர் நேரடியாக எழுதாவிட்டாலும், ஆவணங்களின் இறுதியில் உள்ள சான்றுப் பட்டியலில் அவருடைய கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தால், எந்த ஆண்டு ஆவணம் என்பதையும் பார்க்க வேண்டும். சாலி ஃபிளாய்டும் வேன் ஜேக்கப்சனும் 1993-இல் முன்வைத்த ரெட் என்ற வரிசை மேலாண்மை முறையை 1998-இன் ஆர்எஃப்சி 2309 பரிந்துரைத்தது. அதற்கு மாற்றாக 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7567 எந்த ஒரு முறையையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. முன்னதை மட்டும் பார்த்தவருக்குப் பாதிக் கதையே தெரியும்.

நிரல், அளவீட்டுத் தரவு, சிமுலேட்டர் ஆகியவற்றை ஆய்வாளர் வெளியிட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். வெளியிட்டிருந்தால் அந்த நிரலை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறதா, கட்டுரையில் உள்ள வரைபடம் அதிலிருந்து மீண்டும் கிடைக்கிறதா என்பது, அந்த ஆய்வுக்கூடத்தின் பழக்கவழக்கங்களைப் பற்றி வேறு எதையும்விட நேராகச் சொல்லும்.

மாணவர்களின் பெயர்கள்

நெறியாளரைத் தேடுகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், என் கருத்தில் முதலில் பார்த்திருக்க வேண்டியதும் இதுதான். இந்தத் துறையில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் நெறியாளருடையது. கணிதம் மிகுந்த சில கட்டுரைகளில் அகரவரிசைப்படி இருக்கும். பெயர்களை வரிசை பார்த்தாலே அது தெரிந்துவிடும். கடந்த எட்டு ஆண்டுக் கட்டுரைகளின் முதல் பெயர்களை மட்டும் எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வந்து, பிறகு வேறு நிறுவனத்தின் பெயரோடு தனியாகத் தொடர்கிறதா? அப்படியானால் மாணவர் வளர்ந்து வெளியேறியிருக்கிறார். ஒரு பெயர் ஒருமுறை வந்து, மறுபடி எங்குமே காணவில்லையா? வேலைக்குப் போயிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். கேட்டறிய வேண்டிய செய்தி அது. ஆண்டுக்கு முப்பது கட்டுரைகளில் ஒருவர் கடைசிப் பெயராக இருந்தால், ஒவ்வொன்றிலும் அவர் மாணவரோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கட்டுரைகளைப் பெறுவதில் இப்போது தடை குறைவு. யூஸ்னிக்ஸ் கட்டுரைகள் 2008 முதல் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன; ஏசிஎம் தன் நூலகத்தின் கட்டுரைகளை 2026 ஜனவரி முதல் திறந்துவிட்டது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு, 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் வழியே 30 வெளியீட்டாளர்களின் ஆய்விதழ்கள் கிடைக்கும். தனியார் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பவர்கள் ஆய்வாளரின் சொந்தப் பக்கத்திலோ ஆர்க்கைவ் தளத்திலோ முன்வரைவைத் தேடலாம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2009-இல் இங்கே தொடங்கி, ஜனவரிதோறும் கூடும் காம்ஸ்நெட்ஸ் மாநாட்டுக்கு நாட்டின் வலையமைப்பு ஆய்வாளர்களில் பலர் வருவார்கள். மாணவர் உரை முடிந்து கேள்வி நேரத்தில் நெறியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மாணவரையே பதில் சொல்ல விடுகிறவரையும், முந்திக்கொண்டு தாமே பதில் சொல்கிறவரையும் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே பிரித்தறியலாம்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை எதிர் மாடிப் பெண் வந்தபோது, நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் நிரம்பியிருந்தது: பெயரின் வடிவங்கள், தேதியிட்ட எண்கள், ஐந்து பத்திகளின் கூட்டு, ஆர்எஃப்சி தடங்கள், மாணவர்களின் பெயர்கள். 38 உடையவரின் பக்கத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருடைய மாணவர்கள் நால்வர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் 21 உடையவரின் ஒரு கட்டுரையில், ஏழாம் பக்கத்து வரைபடத்தில் ஒரு வளைவு ஏன் நடுவில் பள்ளமாக இறங்குகிறது என்பது அவளுக்குப் புரியவில்லை. நிரலை ஓட்டிப் பார்த்தபோதும் அதே பள்ளம் வந்தது. நெறியாளராக வேண்டுகிறவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் தன்னைப் பற்றி இரண்டு வரிகளும், அவருடைய கட்டுரை ஒன்றைப் பற்றி உண்மையான ஒரு கேள்வியும் இருந்தால் போதும் என்பது என் அறிவுரை. அவள் இருவருக்குமே எழுதினாள். பள்ளத்தைப் பற்றிக் கேட்ட கடிதத்துக்கு மூன்றாம் நாளே பதில் வந்தது. தாமும் அதை இதுவரை விளக்கவில்லை என்றும், வந்தால் சேர்ந்து பார்க்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது.